உங்களுக்குத் தெரியுமா? – அசிரியர்களுக்காக ஒரு விக்கித்திட்டம்

● ஆங்கில விக்கிப்பீடியாவில் 'விக்கித்திட்டம் அசிரியா' என்று ஒரு தன்னார்வலர் குழு இருக்கிறது. சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது, உத்தரவு போட ஒரு தலைவரும் கிடையாது. அசிரிய மக்களின் வரலாறு, ஊர்கள், மொழி, திருச்சபைகள், பாடகர்கள், பந்தாட்டக்காரர்கள் என்று அவர்களைப் பற்றிய கட்டுரைகளை எழுதுவதும் திருத்துவதும், யாராவது வந்து சிதைத்தால் மீட்டு வைப்பதும்தான் அவர்களுடைய வேலை. விருப்பமுள்ள எவரும் சேரலாம். அசிரியராகப் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

● அசிரியர் என்றதும் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம்தான் நம் நினைவுக்கு வரும். மனிதத் தலையும் காளை உடலும் கழுகுச் சிறகுமாக நிற்கும் அந்தக் கற்சிலைகள், அசுர்பானிபாலின் களிமண் பலகை நூலகம், கி.மு. 612-ல் நினிவே நகரத்தின் வீழ்ச்சி. பாடம் அங்கே முடிந்துவிடும். அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு மக்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பது பாடத்தில் வராது. வடக்கு இராக், வடகிழக்குச் சிரியா, தென்கிழக்குத் துருக்கி, வடமேற்கு ஈரான் ஆகியவை அவர்களுடைய பூர்விக மண். அரமேய மொழியின் இன்றைய வடிவங்களைப் பேசுகிறார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். கடந்த நூறு ஆண்டுகளில் சிகாகோ, டெட்ராய்ட், சிட்னி, ஸ்வீடன் என்று சிதறிப்போனார்கள். அவர்களுக்கென்று ஒரு நாடு இல்லை. எனவே தேசிய ஆவணக் காப்பகமும் இல்லை, அரசு வெளியிடும் கலைக்களஞ்சியமும் இல்லை. இந்தத் தன்னார்வலர்களின் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

● ஒவ்வொரு விக்கிப்பீடியாக் கட்டுரைக்கும் பின்னால் ஒரு உரையாடல் பக்கம் உண்டு. பெரும்பாலான வாசகர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அங்கேதான் குழு ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு மதிப்பெண் போட்டு வைக்கும். ஒன்று தரம்: குறுங்கட்டுரையில் தொடங்கி, சிறப்புக் கட்டுரை வரை. இன்னொன்று முக்கியத்துவம்: மிக உயர்ந்தது முதல் குறைவு வரை. முக்கியத்துவம் உச்சத்திலும் தரம் அடிமட்டத்திலும் இருக்கும் கட்டுரையை முதலில் எடுப்பது வழக்கம். எளிமையான ஏற்பாடு. ஆனால் ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆட்கள், வெவ்வேறு நாட்டு நேரத்தில் உட்கார்ந்து வேலையைப் பங்கிட்டுக்கொள்ள இது போதுமானதாக இருக்கிறது.

● இந்தக் குழுவின் மிகப் பெரிய தலைவலி, எதிரிகளிடமிருந்து வருவதைவிடச் சொந்த வீட்டுக்குள்ளிருந்தே அதிகம் வருகிறது: இந்த மக்களை எந்தப் பெயரால் அழைப்பது?

கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தோர் பெரும்பாலும் தங்களை அசிரியர் என்பார்கள். கல்தேயக் கத்தோலிக்கரில் பலர் கல்தேயர் என்பார்கள். சிரிய மரபுவழித் திருச்சபையினரில் ஒரு சாரார் அசிரியர் என்றும், இன்னொரு சாரார் அரமேயர் என்றும் சொல்லிக்கொள்வார்கள். ஸ்வீடனில் சோடர்டெல்யே என்று ஓர் ஊர். அங்கே இந்த மக்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். 1974-ல் 'அசிரிஸ்கா' என்ற கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார்கள். 1977-ல் அதே ஊரில், அரமேயர் என்போர் தரப்பில் 'சிரியான்ஸ்கா' என்று இன்னொன்று. அசிரிஸ்கா 2005-லும் சிரியான்ஸ்கா 2011-லும் ஸ்வீடனின் முதல்நிலைப் போட்டித் தொடர்வரை ஏறின. பெயர்ப் பிளவு ஆட்டக்களம்வரை போயிருக்கிறது என்றால் கலைக்களஞ்சியத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அசிரியர், கல்தேயர், சிரியாக் என்று மூன்று பெயர்களைச் சாய்கோடு போட்டு ஒன்றாக எழுதிவிட்டது. இராக்கின் 2005-ஆம் ஆண்டு அரசியலமைப்போ கல்தேயர், அசிரியர் என்று இரண்டு பேராகப் பிரித்தே எழுதியது.

விக்கிப்பீடியாவில் இந்தப் பூசல் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. ஒருவர் 'அசிரியர்' என்று எழுதுவார், இன்னொருவர் அழித்து 'அரமேயர்' என்பார், மூன்றாமவர் மறுபடி மாற்றுவார். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுத்தை நீக்கி மீட்டால் தடை விழும் என்பது ஆங்கில விக்கிப்பீடியா விதி. பல பக்கங்களைப் புதியவர்கள் தொட முடியாதபடி பூட்டியும் வைக்கிறார்கள். கடைசியில் எட்டிய வழி இதுதான்: நம்பத்தகுந்த ஆங்கில நூல்களில் எந்தப் பெயர் அதிகம் வழங்குகிறதோ அதைக் கட்டுரைத் தலைப்பாக வைப்பது, மற்றப் பெயர்களை முதல் பத்தியிலேயே சொல்வது, பெயர்களின் வரலாற்றுக்கே ஒரு தனிக் கட்டுரை எழுதுவது. எல்லோருக்கும் திருப்தி இல்லை. என்றாலும், எந்தத் தரப்பின் பெயரையும் மறைக்காமல் நான்கையும் ஒரே இடத்தில் வைத்து விளக்கியது நேர்மையான செயல் என்றே நான் கருதுகிறேன். கட்சி ஏடுகளும் திருச்சபை ஏடுகளும் தத்தம் பெயரை மட்டுமே சொல்லும்.

● உலகில் மொத்தம் எத்தனை அசிரியர்? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இராக்கின் 1977 கணக்கெடுப்பில் தங்களை அரபுகள் அல்லது குர்துகள் என்றே பதிய வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. 2024 நவம்பரில் நடந்த இராக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கவே இல்லை. ஸ்வீடன் அரசும் இன அடிப்படையில் பதிவு வைப்பதில்லை. அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் 82,355 பேர். இப்படி ஒவ்வொரு நாட்டு எண்ணுக்கும் தனித்தனியாகச் சான்று தேடி, ஆண்டைக் குறித்து, 'மதிப்பீடு' என்று அடையாளமிட்டு வைப்பதற்கே தன்னார்வலர்களின் உழைப்பில் கணிசமான பங்கு போகிறது. உணர்ச்சிவசப்பட்ட யாரோ ஒருவர் வந்து எண்ணில் ஒரு பூஜ்யம் சேர்ப்பார். அதைக் கண்டுபிடித்து நீக்குவதும் அதே ஆட்கள்தான்.

● ஒரே ஊருக்கு மூன்று பெயர். பக்தீதா என்பதும் கராக்கோஷ் என்பதும் ஹம்தானியா என்பதும் மோசூலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே ஊர். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போகும்படி வழிமாற்று போட்டு வைத்திருக்கிறார்கள். துருக்கியில் ஊர்ப் பெயர்களையே அரசு மாற்றியது. அங்கே பழைய பெயரைப் பதிவுசெய்து வைப்பது கூடுதல் அவசியம்.

● 1915-ல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்களோடு அசிரியர்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். அவர்கள் மொழியில் அதை 'சைஃபோ' என்பார்கள். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் அசிரிய-கல்தேயக் குழு சொன்ன கணக்கு 2,50,000 உயிர்கள். ஆனால் இதைப் பற்றித் தேடுபவர் எளிதில் ஆவணங்களை எட்ட முடியாது. பிரைஸும் டாயின்பியும் தொகுத்து 1916-ல் பிரிட்டனில் வெளியான புகழ்பெற்ற ஆவணத் தொகுப்பில் ஊர்மியா, ஹக்காரி பகுதி அசிரியர்கள் பட்ட பாடும் இருக்கிறது. நூலின் தலைப்பிலோ ஆர்மீனியர் பெயர் மட்டும். அக்காலத்து மிஷனரிக் கடிதங்கள் இவர்களை 'நெஸ்டோரியர்' என்றோ 'சிரியர்' என்றோ எழுதின. அசிரியர் என்று தேடினால் அவை சிக்காது.

இந்த முடிச்சுகளை அவிழ்ப்பதில்தான் அனுபவமுள்ள தன்னார்வலரின் கைத்திறன் தெரியும். எந்த ஆண்டில் எந்தப் பெயர் வழங்கியது என்று அறிந்து, பழைய நூல்களை இணையக் காப்பகங்களில் தேடி எடுத்து, பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுவார்கள். ஆபிரகாம் யோகன்னான் 1916-ல் எழுதிய நூலும், ஜோயல் வெர்தா 1924-ல் எழுதிய நூலும் இப்படி இணையத்தில் கிடைப்பவை. இருவருமே அசிரியர்கள்.

● 2010 மார்ச் 11 அன்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 1915-ன் இந்தப் படுகொலையை இன அழிப்பு என்று அங்கீகரித்தது. ஆதரவு 131, எதிர்ப்பு 130. ஒரே ஒரு வாக்கு.

● 1933 ஆகஸ்டில், விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகாத இராக்கில், சிமேலே என்ற ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் அசிரியர்களை இராக் படை கொன்றது. செத்தவர்கள் சுமார் 600 என்றது பிரிட்டிஷ் அதிகாரிகளின் கணக்கு. 3,000-க்கும் மேல் என்பது அசிரியத் தரப்பு. விக்கிப்பீடியாவின் நடுநிலை விதிப்படி இரண்டையும் எழுத வேண்டும்; எது யார் சொன்னது என்றும் எழுத வேண்டும். தன் பாட்டனை அங்கே பறிகொடுத்த ஒரு குடும்பத்துப் பையன், '600' என்ற எண்ணையும் தன் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் மனசு என்ன பாடுபடும்? அந்தப் பொறுமையை நான் மனமார வணங்குகிறேன். 'இன அழிப்பு' என்ற கருத்தைச் சட்ட உலகுக்குத் தந்த ரஃபேல் லெம்கினின் சிந்தனையைத் தூண்டிய நிகழ்வுகளில் ஆர்மீனியப் படுகொலையோடு சிமேலேயும் ஒன்று.

● வீட்டில் பாட்டி சொன்ன கதையை விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. அச்சில் அல்லது நம்பத்தகுந்த வெளியீட்டில் வந்த சான்று வேண்டும். எழுத்தில் பதிவாகாத வரலாறு கொண்ட எல்லா மக்களுக்கும் இந்த விதி கடினமானது. ஊரோடு சேர்த்து வீட்டுக் காகிதங்களும் எரிந்துபோன மக்களுக்கு இன்னும் கடினம். விதியைத் தளர்த்தலாமா என்ற கேள்வி வரும். வேண்டாம் என்பதே என் கருத்து. தளர்த்தினால் மறுப்பவர்களுக்கும் அதே கதவு திறந்துவிடும். பாட்டியின் கதையை ஒலிப்பதிவு செய்து, ஆய்வாளர் வழியாக ஆய்விதழில் வரச்செய்து, பிறகு அதை மேற்கோள் காட்டுவதே சரியான பாதை. நீண்ட பாதைதான். ஆனால் அந்தப் பாதையில் வந்த வரியை எளிதில் யாராலும் அழிக்க முடியாது.

● நினிவேயில் அசுர்பானிபாலின் அரண்மனையைக் கண்டெடுத்தவர், மோசூலில் பிறந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் (1826–1910) என்ற உள்ளூர்க்காரர். ஆண்டு 1853. சிங்க வேட்டைச் சிற்பங்களும் கில்கமேஷ் காவியம் எழுதிய களிமண் பலகைகளும் அந்த அகழ்வில் வந்தவை. பாபிலோனில் சைரஸ் உருளை 1879-ல் கிடைத்ததும் அவருடைய அகழ்வில்தான். ஆனால் பெருமையெல்லாம் நெடுங்காலம் ஆங்கிலேயர் பெயரிலேயே ஏறியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வாலிஸ் பட்ஜ், ரஸ்ஸாமின் உறவினர்கள் பலகைகளைக் கடத்தினார்கள் என்று பேச, ரஸ்ஸாம் அவதூறு வழக்குப் போட்டார். 1893-ல் வென்றார். நட்டஈடு 50 பவுண்டு. இன்று ஒரு பள்ளி மாணவி கில்கமேஷ் காவியத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் படித்தால் ரஸ்ஸாமின் பெயரையும் படிப்பாள். நூறாண்டுகளாகத் தவறிப்போன நியாயம் இப்படிக் கொஞ்சம் கிடைக்கிறது.

● சுர்மா கானும் (1883–1975) என்ற பெண்மணியைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? ஹக்காரி மலைக் கிராமமான குட்சானிஸில் பிறந்தவர். முதுபெரும் தந்தை மார் பெஞ்சமின் சிமோனின் சகோதரி. 1918 மார்ச்சில் மார் பெஞ்சமின் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே சுர்மா தம் மக்களுக்காக வாதாட லண்டனுக்குப் போனார். 1920-ல் அசிரியத் திருச்சபையின் வழக்கங்களையும் தம் சகோதரரின் கொலையையும் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கலிபோர்னியாவில் டர்லாக் நகரில் இறந்தார். ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்குக்குள் சுர்மா இருக்கிறார்.

● இராக் மக்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கால்பந்துப் பயிற்சியாளர் அம்மோ பாபா ஓர் அசிரியர். வளைகுடாக் கோப்பையை 1979, 1984, 1988 என மூன்று முறை இராக்குக்கு வென்று கொடுத்தவர்.

● அசிரியப் புத்தாண்டு ஏப்ரல் 1. 2025-ல் பிறந்தது அவர்கள் கணக்கில் 6775-ஆம் ஆண்டு. கேட்கவே பெருமையாக இருக்கும். ஆனால் இந்த ஆண்டுக் கணக்கு 1950-களில் ஈரானில் வெளியான 'கில்கமேஷ்' என்ற அசிரிய இதழின் கட்டுரைகளிலிருந்து பரவியது. பண்டிகை பழையது, எண் புதியது. விக்கிப்பீடியாக் கட்டுரையில் இரண்டும் இருக்கின்றன. பெருமைக்காக உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை.

● இவர்கள் தம் மொழியை எழுதும் சிரியாக் எழுத்து கணினியில் ஏறியதே பெரிய கதை. 1999-ல் யூனிகோடின் மூன்றாம் பதிப்பில் அது இடம்பெற்றது. பெத்லகேமில் பிறந்த ஜார்ஜ் கிராஸ் என்ற அறிஞர், பால் நெல்சன், சர்கோன் ஹஸ்ஸோ ஆகியோருடன் சேர்ந்து அதற்கான முன்மொழிவைத் தயாரித்தார். எழுத்துருக்களையும் உருவாக்கி இலவசமாகத் தந்தார். அது நடந்திராவிட்டால் சிரியாக் எழுத்தில் ஒரு விக்கிப்பீடியாவே சாத்தியமில்லை.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. கேரளத்து நசரானிக் கிறிஸ்தவர்கள் மலையாளத்தைச் சிரியாக் எழுத்தில் எழுதி வந்தார்கள். சிரியாக்கில் இல்லாத ஒலிகளுக்கு மலையாள எழுத்துகளையே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்ந்த 11 எழுத்துகள் 2017-ல் யூனிகோடில் ஏறின. அவற்றில் ழகரமும் ஒன்று.

● அரமேய மொழி விக்கிப்பீடியா ஒன்று இருக்கிறது. சிரியாக் எழுத்தில், வலமிருந்து இடமாக. மூவாயிரம் ஆண்டு வரலாறு கொண்ட மொழி. இயேசுநாதர் பேசிய மொழி. ஒரு காலத்தில் பாரசீகப் பேரரசின் ஆட்சி மொழி. அதில் கட்டுரைகள் 2,000-க்கும் குறைவு. தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. மேலைக் கிளையினரும் கீழைக் கிளையினரும் வெவ்வேறு எழுத்து வடிவத்தில் எழுதுகிறார்கள், வெவ்வேறு விதமாகப் பேசுகிறார்கள். பள்ளியில் தாய்மொழியில் படித்தவர்களும் குறைவு. எனவே பெரும்பாலான அசிரியத் தன்னார்வலர்கள் தங்கள் மக்களைப் பற்றி ஆங்கிலத்திலும் ஸ்வீடிய மொழியிலும் ஜெர்மனிலும் அரபியிலும் எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் உண்மை இது.

● 2014-ல் ஐ.எஸ். அமைப்பு மோசூலைப் பிடித்தது. டொமினிக்கன் துறவி நஜீப் மிக்காயேல் முன்கூட்டியே பழஞ்சுவடிகளை மோசூலிலிருந்து கராக்கோஷுக்கும், அங்கிருந்து லாரிகளில் எர்பிலுக்கும் கொண்டுபோய்க் காப்பாற்றினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் சுவடிகளை மின்னணுப் படமாக்கி வந்தார். 2019-ல் மோசூலின் கல்தேயப் பேராயர் ஆனார்.

2015-ல் மோசூல் அருங்காட்சியகச் சிலைகளைச் சம்மட்டியால் உடைக்கும் காட்சி உலகெங்கும் பரவியது. நிம்ரூத் நகரின் இடிபாடுகளையும் தகர்த்தார்கள். உடனே 'புராஜெக்ட் மோசூல்' என்று தன்னார்வலர்கள் கிளம்பினார்கள்: எப்போதோ அங்கே போன பயணிகள், படைவீரர்கள் எடுத்த பழைய புகைப்படங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து சிலைகளின் முப்பரிமாண உருவத்தை மீட்டார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் மூன்றே முக்கால் லட்சம் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நிம்ரூத்திலிருந்து போன சிற்பங்களும் அந்த அருங்காட்சியகத்தில் உண்டு.

● துருக்கி 2017 ஏப்ரல் 29 முதல் 2020 ஜனவரி 15 வரை விக்கிப்பீடியாவையே முடக்கி வைத்தது. 397-ல் தோன்றிய மோர் கபிரியேல் மடம் இருக்கும் தூர் அப்தீன் பகுதி அசிரிய மக்கள் தங்களைப் பற்றி உலகம் என்ன எழுதுகிறது என்று நேராகத் திறந்து பார்க்க முடியாத காலம் அது.

● தென்னிந்தியாவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. கி.பி. 849-ல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேடு, கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த மருவான் சபீரீசோ கட்டிய பள்ளிக்கு வழங்கிய உரிமைகளைச் சொல்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழியோ தமிழ் அறிந்தவர் நிதானமாகப் படித்தால் நிறையப் புரியக்கூடியது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் இடைக்காலப் பாரசீகமான பகலவியிலும் எபிரேய எழுத்துப் பாரசீகத்திலும் இருக்கின்றன. சென்னைப் பறங்கிமலையில் 1547-ல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையிலும் பகலவி எழுத்து. 1908-ல் ஹக்காரி மலைநாட்டிலிருந்து மார் அபிமலேக் திமொத்தேயுஸ் என்ற ஆயர் திருச்சூருக்கு வந்து, 1945-ல் இறக்கும்வரை அங்கிருந்த கிழக்குத் திருச்சபையினரை வழிநடத்தினார். அசிரியக் கிழக்குத் திருச்சபையின் இந்தியத் தலைமையகம் இன்றும் திருச்சூர்தான். நினிவே மக்கள் மனம் திரும்பியதை நினைத்து அசிரியர்கள் இருக்கும் மூன்று நாள் நோன்பை, கேரளத்தில் மூன்று நோன்பு என்று கடைப்பிடிக்கிறார்கள். குறவிலங்காட்டில் அந்த நோன்பின்போது கப்பல் ஊர்வலம் நடக்கும்.

● தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்திலும் 'உங்களுக்குத் தெரியுமா?' என்றொரு பகுதி உண்டு. மேலே சொன்னவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் மனதில் தைத்திருந்தால், அதைப் பற்றித் தமிழில் கட்டுரை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தொடங்குங்கள், இருந்தால் ஒரு நல்ல சான்று சேருங்கள். முதலில் 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம். சந்தேகம் வந்தால் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம், பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் பறங்கிமலைச் சிலுவையைப் படமெடுக்க அனுமதி கேட்டு, எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தரிசாப்பள்ளிச் செப்பேடு காத்திருக்கிறது. சுர்மா கானும், சிமேலே, ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் – இந்த மூன்று பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.